சிவப்பு நட்சத்திரம்

அன்புள்ள தம்பி,

பூந்தமல்லி கிளினிக்குக்கு உன் டீம் செய்திருக்கும் டோக்கன் பக்கத்தைப் பார்த்தேன், அதன் புல் ரிக்வெஸ்ட்டையும் ஒரு வரி விடாமல் படித்தேன். டெஸ்ட், பிராஞ்ச், டிப்ளாய்மென்ட் பற்றி உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எரிச்சல் மூட்டியது ‘லாஸ்ட் நேம்’ பெட்டிக்குப் பக்கத்தில் நீ வைத்திருக்கும் அந்தச் சிவப்பு நட்சத்திரம். போதாக்குறைக்கு மூன்று எழுத்தாவது வேண்டுமாம், ஆங்கிலம் மட்டும்தானாம், புள்ளி கூடாதாம்.

அந்த கிளினிக் வாசலில் நிற்பவர்களில் யாருக்கப்பா குடும்பப் பெயர் இருக்கிறது? அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். ‘எஸ்’ என்று அடித்தால் உன் பக்கம் சிவந்து நிற்கிறது. ஒருத்தி புருஷன் பெயரைப் போடுவாள், அடுத்த முறை அப்பா பெயரைப் போடுவாள், அவசரத்தில் தன் பெயரையே இரண்டு தடவை அடிப்பாள். ஒரே நோயாளிக்கு மூன்று ஃபைல்.

ஆதார் பெயரை ஒரே வரியில் வாங்கியது. பான் கார்டின் 49ஏ படிவமோ கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்டது, இன்ஷியல் ஆகாது என்றது. இரண்டையும் இணைக்கச் சொன்னதும் பெயர் பொருந்தாமல் அலைந்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசா கிடையாது என்று அமீரகம் வேறு அறிவித்தது. எங்கோ ஒரு மேஜையில் யாரோ போட்ட கட்டம், ஏர்போர்ட் வரைக்கும் வந்து மறிக்கிறது.

இதைவிட ஒன்று என்னை உறுத்தியது. டீமுக்குப் புதிதாக வந்த அந்தப் பெண் ரிவ்யூவில் கேட்டிருக்கிறாள்: “இன்ஷியல் மட்டும் இருக்கிறவங்க என்ன போடுவாங்க?” நீ “ஸ்பெக்கில் இல்லை” என்று எழுதிவிட்டு உடனே மெர்ஜ் செய்துவிட்டாய். அதன்பின் அவள் ‘ஓகே’யைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை, கவனித்தாயா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீஸ் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது. ஐஇ6-க்காக டேபிளுக்குள் டேபிள் வைத்துப் பக்கம் கட்டிய காலம். கரண்ட் போனால் எல்லாரும் கீழே டீக்கு இறங்குவோம். எடுபிடிப் பையன் “அண்ணே, அளவு இடிக்குது” என்றால் போதும், பட்டறை ஃபோர்மேன் மெஷினை நிறுத்திவிட்டு, தானே வெர்னியர் வைத்துப் பார்ப்பார். பார்த்த பிறகுதான் திட்டுவதா வேண்டாமா என்பதெல்லாம். தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் ப்ரூக்ஸ் 1975-இல் எழுதியதை எல்லா மேனேஜரும் ஒப்பிக்கிறார்கள். இருக்கிற ஆள் வாயை மூடிக்கொண்டால் என்னாகும் என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை.

ஆனால் ஒன்று. ஆவடி மின்சார ரயிலில், சிக்னல் விட்டுவிட்டு வரும்போது, புக் பட்டனை வேண்டுமென்றே படபடவென்று அமுக்கினேன். ஒரே டோக்கன்தான் விழுந்தது! ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் பழைய பதிலையே அனுப்புகிறாய். அனுபவஸ்தர்களே கோட்டை விடும் இடம் இது. அற்புதம்டா!

பெயருக்கு ஒரே பெட்டி வை, தமிழிலும் வாங்கு. எஸ்எம்எஸ்ஸில் பெயரை நீளம் பார்த்து வெட்டாதே: ‘கார்த்திக்’ கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடு கணக்கில் 10. ஒன்பதில் வெட்டினால் புள்ளி போய் ‘கார்த்திக’ ஆகிவிடும். அந்தப் பெண்ணின் கேள்வியைத் திரும்பத் திற. மாற்றத்தை அவளே எழுதட்டும், ரிவ்யூவை நீ செய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் ரிலீஸ் வேண்டாம், சனிக்கிழமை கிளினிக்கில் கூட்டம் அதிகம்.

அன்புடன்,
உன் பழைய மேனேஜர்
அம்பத்தூர்