டவரை விடு, வானத்தைப் பார்

அன்புள்ள மருமகனே,

உன் ஹோமர் புறா ஒன்று வீடு திரும்பவில்லை, நீ சாப்பாட்டைத் தள்ளிவிட்டு மொட்டைமாடியிலேயே உட்கார்ந்திருக்கிறாய் என்று உன் அம்மா புலம்பினாள். போனில் பிடித்தால் 'அப்புறம் பேசுறேன் அத்தை' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடுதாசி.

பழியையெல்லாம் செல்போன் டவர் தலையில் போடுகிறாயாமே? ராயபுரத்தில் டவர் நேற்றா முளைத்தது? ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ராபின் பறவைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2014இல் வந்தது. அவற்றின் திசையறிவைக் கெடுத்தது ஏ.எம். ரேடியோ அலைவரிசையையொட்டிய மின்காந்த இரைச்சல். செல்போன் அலைவரிசை அதற்கு வெகு மேலே இருக்கிறது. டவரை விடு. கும்மிடிப்பூண்டி தாண்டிக் கூடையைத் திறந்தாயே, அன்றைக்கு வானம் எப்படி இருந்தது? உன் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது, துணி காயவில்லையாம்.

1971இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து வில்லியம் கீட்டன், புறாக்கள் மேல் சின்னக் காந்தத் துண்டை ஒட்டிப் பறக்கவிட்ட கதையை வெளியிட்டார். வேறு சிலவற்றுக்குப் பித்தளைத் துண்டு. பழகிய புறா வெயில் நாளில் காந்தத்தோடும் வீடு வந்தது. சூரியனைப் பார்த்தே வழி பிடித்தது. மேகம் மூடிய நாளில்தான் காந்தம் சுமந்தது தடுமாறியது, பித்தளை சுமந்தது ஒழுங்காகத் திரும்பியது. உனக்கு வேண்டிய சேதி இனிமேல்தான். அனுபவமில்லாத இளம் புறாவுக்கு வெயிலும் வேண்டியிருந்தது, பூமியின் காந்தமும் வேண்டியிருந்தது. நீயோ முதல் தடவையே மேகமூட்டத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறாய், என் ராசா.

காந்தத்தை எந்த உறுப்பால் உணர்கிறது என்று மட்டும் கேட்காதே. அலகில் இருக்கும் இரும்பு நிறைந்த செல்கள்தான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2012இல் வியன்னாக்காரர்கள் உற்றுப் பார்த்தால், அவை கிருமிகளை விழுங்கும் காவல் செல்கள்! கண்ணிலுள்ள ஒரு புரதம் என்கிறது இன்னொரு கட்சி. வாசனைதான் வழிகாட்டி என்றார் இத்தாலியில் பீசா நகரத்து ஃப்ளோரியானோ பாப்பி. அது நிஜமானால் நம்மூர்ப் புறா கொடுத்துவைத்தது. காசிமேட்டு மீன் வாடையை எவ்வளவு தூரத்திலிருந்து வேண்டுமானாலும் பிடித்துவிடும்.

படித்தவர்களே இன்னும் அடித்துக்கொள்கிற விஷயம், அதனால் நீ ஒரு நோட்டு போடு. தேதி, இடம், வானம், காற்று. கூடையைத் திறந்ததும் எத்தனை வட்டம் அடித்தது, எந்தப் பக்கம் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்தது. வராததையும் எழுது. புறாப் பந்தயக்காரர்கள் டீக்கடையில் ஜெயித்த கதையை மட்டும்தான் சொல்வார்கள். நீ அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை.

வழி தெரிந்தும் வராமல் போவது உண்டு. 2025 ஜனவரியில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து நம் சென்னைக் கரையில் ஒதுங்கினவே! கடலாமைகளுக்கும் காந்த உணர்வு உண்டு. பிறந்த கரையின் காந்த அடையாளத்தை மனதில் வைத்தே அவை முட்டையிடத் திரும்புகின்றன என்பது கென்னத் லோமனின் கருத்து. அத்தனை கடலும் கடந்து வந்தது, கரைக்குப் பக்கத்தில் இழுவலையில் மாட்டி, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் சாகிறது. உன் புறாவுக்கு அந்த வலை மாஞ்சா நூல். காற்றாடி விடுகிற கும்பலில் நீயும் உண்டு என்று கேள்வி. தடை இருக்கிறது, போலீஸ் பிடிக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. புறாக் கூண்டையும் மாஞ்சாவையும் ஒரே மாடியில் எப்படிடா வைத்திருக்கிறாய்?

இன்னும் சில நாள் பார். களைத்த புறா யார் வீட்டுக் கூண்டிலாவது இறங்கித் தீனி தின்றுவிட்டு மெதுவாகவும் வரும். வழக்கமான நேரத்தில் கம்பு டப்பாவை ஆட்டிக் கூப்பிடுவதை நிறுத்தாதே, மற்றதுகளும் பழக்கம் கெட்டுப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூருக்கு வா. சங்கரா மீன் குழம்பு வைக்கிறேன். புறா நோட்டோடு கெமிஸ்ட்ரி நோட்டையும் எடுத்து வா. அதில் வட்டமடிக்கிற கதையை உன் மாமா பார்த்துக்கொள்வார்.

உன் அத்தை