‘படித்துவிட்டேன்’ என்ற நம்பிக்கையைச் சோதிப்போம்

மாணவர்களே, மொழிப்பாடத் தேர்வுக்கு முந்திய இரவை நினைத்துப் பாருங்கள். மரபுத்தொடர்ப் பட்டியல் கையில் இருக்கிறது. ஒருமுறை வாசிக்கிறீர்கள், மறுமுறையும் வாசிக்கிறீர்கள். நான்காம் முறை வாசிக்கும்போது எல்லாமே தெரிந்தவையாகத் தோன்றுகின்றன. ‘படித்துவிட்டேன்’ என்ற நிம்மதியோடு தூங்கப் போகிறீர்கள். மறுநாள் வினாத்தாளைப் பார்த்ததும் பாதிக்கு மேல் நினைவுக்கு வரவில்லை.

அப்போது பலர் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: “எனக்கு மொழிப்பாடம் வராது.”

இந்த முடிவு சரிதானா? மொழி என்றால் என்ன, அதை எப்படிக் கற்க வேண்டும், ஆசிரியர் எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பவை பற்றி நம் ஒவ்வொருவருக்கும் சில நம்பிக்கைகள் உண்டு. யாரும் அவற்றை எழுதிவைப்பதில்லை. ஆனாலும், எப்படிப் படிப்பது, எந்தப் பாடத்தைக் கைவிடுவது என்பதையெல்லாம் அவைதான் தீர்மானிக்கின்றன. அறிவியலில் ஒரு கருத்தைச் சோதித்த பிறகே ஏற்கிறோம். இந்த நம்பிக்கைகளையும் அப்படியே சோதிக்கலாம். மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதல் நம்பிக்கை: “மொழி என்பது மனப்பாடம்”

முதலில் ஒரு சிறு சோதனை. ‘நுமிலம்’ என்று ஒரு பொருள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இது இக்கட்டுரைக்காக உருவாக்கிய சொல். அகராதியில் தேட வேண்டாம். கீழ்க்காணும் கோடிட்ட இடங்களை உரக்கச் சொல்லி நிரப்புங்கள்.

இது ஒரு நுமிலம். அங்கே இன்னும் ஒன்று உள்ளது. ஆக மொத்தம் இரண்டு ______.

எறும்பு அந்த ______ ஏறியது.

‘நுமிலங்கள்’ என்றும் ‘நுமிலத்தில்’ என்றும் சொல்லியிருப்பீர்கள். ‘நுமிலம்கள்’ என்றோ ‘நுமிலமில்’ என்றோ சொல்லியிருக்க மாட்டீர்கள். இந்தச் சொல்லை இதற்கு முன் நீங்கள் கேட்டதே இல்லை. பிறகு எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்?

மரம், மரங்கள், மரத்தில். படம், படங்கள், படத்தில் என்று சிறு வயது முதல் கேட்ட சொற்களிலிருந்து உங்கள் மூளை ஒரு விதியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. ‘மரத்தில்’ என்பதில் வருவது ‘அத்து’ என்னும் சாரியை என்று ஆசிரியர் பின்னாளில் சொல்லித்தந்தார். அந்தப் பெயர் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதை நீங்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டீர்கள்.

இதே வகைச் சோதனையை அமெரிக்க மொழியியலாளர் ஜீன் பெர்க்கோ 1958ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆங்கிலம் பேசும் சிறு குழந்தைகளிடம், பறவை போன்ற ஓர் உருவத்தைக் காட்டி, இதன் பெயர் ‘வக்’ என்றார். அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. இரண்டு உருவங்களைக் காட்டியபோது பெரும்பாலான குழந்தைகள் ‘வக்ஸ்’ என்றனர். கேட்டதைத் திருப்பிச் சொல்வது மட்டுமே மொழி என்றால், கேட்டிராத ஒரு சொல்லுக்கு அவர்களால் பன்மை சொல்லியிருக்க முடியாது.

ஆங்கிலக் குழந்தைகள் ‘வென்ட்’ என்பதற்குப் பதிலாகச் சில காலம் ‘கோட்’ என்று சொல்வதும் இதனால்தான். பெரியவர் எவரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. குழந்தை ஒரு விதியைக் கண்டுபிடித்து, அதைச் சற்று அதிகமாகப் பயன்படுத்திவிடுகிறது. அந்தப் பிழை கற்றலின் அடையாளமே.

சொற்களையும் மரபுத்தொடர்களையும் நினைவில் வைக்கத்தான் வேண்டும். ஆனால், மொழி முழுவதும் மனப்பாடம் அன்று. ‘எனக்கு மொழி வராது’ என்று சொல்பவரும் ‘நுமிலத்தில்’ என்று தயங்காமல் சொல்லிவிடுவார். நமக்குத் தெரிந்தது எவ்வளவு என்பது சில வேளைகளில் நமக்கே தெரிவதில்லை.

இரண்டாம் நம்பிக்கை: “திரும்பத் திரும்ப வாசித்தால் பதிந்துவிடும்”

இங்கே நிலைமை தலைகீழ். தெரியாததைத் தெரியும் என்று நினைக்கிறோம்.

அமெரிக்க உளவியலாளர்கள் ஜெஃப்ரி கார்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களும் அவற்றின் ஆங்கிலப் பொருளும் தரப்பட்டன. படிப்பது, பிறகு பொருளை நினைவிலிருந்து சொல்வது என்று மாறி மாறிப் பயிற்சி நடந்தது. ஒரு சொல்லுக்குச் சரியாகப் பொருள் சொன்ன பிறகு அதை என்ன செய்வது என்பதில்தான் நான்கு குழுக்களும் வேறுபட்டன.

முதல் குழு, அச்சொல்லைத் தொடர்ந்து படித்தது. தொடர்ந்து சோதித்தும் பார்த்தது.
இரண்டாம் குழு, மீண்டும் படிக்கவில்லை. சோதிப்பதை மட்டும் தொடர்ந்தது.
மூன்றாம் குழு, தொடர்ந்து படித்தது, சோதிப்பதை நிறுத்திக்கொண்டது.
நான்காம் குழு, இரண்டையும் நிறுத்திக்கொண்டது.

பயிற்சியின் முடிவில் நான்கு குழுவினரும் எல்லாச் சொற்களையும் கற்றிருந்தனர். ஒரு வாரத்திற்குப் பின் எத்தனை நினைவிருக்கும் என்று கேட்டபோது, எல்லாக் குழுவினரும் ஏறக்குறைய பாதிச் சொற்கள் இருக்கும் என்றே கணித்தனர்.

ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில், தொடர்ந்து சோதித்துப் பார்த்த முதல் இரு குழுவினர் ஏறத்தாழ 80 விழுக்காட்டுச் சொற்களை நினைவுகூர்ந்தனர். மூன்றாம் குழு சுமார் 36 விழுக்காடு. நான்காம் குழு சுமார் 33 விழுக்காடு. மூன்றாம் குழுவைக் கவனியுங்கள். அவர்கள் நான்காம் குழுவைவிட அதிகம் படித்தார்கள். அந்தக் கூடுதல் உழைப்பால் கிடைத்த பலன் மிகச் சிறிது.

காரணம் என்ன? திருமண வீட்டில் ஒருவர் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். முகம் நன்கு தெரிந்த முகம். ஆனால் பெயர் வரவில்லை. பார்த்தவுடன் அடையாளம் காண்பது வேறு. உதவியின்றி நினைவிலிருந்து எடுப்பது வேறு. பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது முதல் திறன்தான் வளர்கிறது. தேர்வு கேட்பதோ பெரும்பாலும் இரண்டாம் திறனை. வாசிப்பு எளிதாக ஆக ஆக, அந்த எளிமையையே ‘கற்றுவிட்டோம்’ என்று தவறாக எடுத்துக்கொள்கிறோம்.

நினைவிலிருந்து எடுப்பதை மீட்டெடுத்தல் என்பார்கள். லாலான் புல் மண்டிய நிலத்தில் ஒற்றையடிப் பாதை எப்படி உருவாகிறது? ஓரமாக நின்று பார்ப்பதால் அன்று; நடந்து நடந்துதான். மீட்டெடுத்தலும் அதுபோன்றதே. ஒவ்வொரு முறை முயன்று எடுக்கும்போதும் அடுத்த முறை எடுப்பது எளிதாகிறது. ஆனால், எடுத்த விடை சரியா என்று உடனே பார்த்துவிட வேண்டும். இல்லையேல் பிழைக்கும் பாதை போட்டுவிடுவோம்.

மூன்றாம் நம்பிக்கை: “ஆசிரியர் நன்றாக விளக்கினால் போதும்”

தெளிவான விளக்கத்தைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததாகத் தோன்றும். ஆசிரியர் விளக்காமல், “குழுவாகச் சேர்ந்து நீங்களே விடை காணுங்கள்” என்றால் குழப்பமாக இருக்கும். ‘இன்று ஒன்றும் கற்கவில்லை’ என்றுகூடத் தோன்றும்.

இந்த எண்ணத்தை லூயி டெலோரியேயும் அவருடைய குழுவினரும் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் சோதித்து, முடிவை 2019இல் வெளியிட்டனர். பாடப்பொருள் ஒன்றே. ஒரு வகையில் ஆசிரியர் விரிவுரை ஆற்றினார். மற்றொரு வகையில் மாணவர்கள் முதலில் குழுவாகக் கணக்குகளைச் செய்து பார்த்தனர். ‘நிறையக் கற்றோம்’ என்று அதிகமாக உணர்ந்தவர்கள் விரிவுரை கேட்டவர்கள். தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றவர்களோ தாமே செய்து பார்த்தவர்கள்.

இது இயற்பியல் வகுப்பில் கண்ட முடிவு. என்றாலும், மொழி வகுப்புக்கும் ஒரு கேள்வியை அது எழுப்புகிறது. கட்டுரையை நீங்களே திருத்தி எழுதச் சொல்லும் ஆசிரியர், மாதிரிக் கட்டுரையைக் கொடுத்து எழுதிக்கொள்ளச் சொல்லும் ஆசிரியர், இவர்களில் யாரிடம் அதிகம் கற்கிறீர்கள்? ‘யாருடைய பாடம் எளிதாக இருந்தது?’ என்ற கேள்வியின் விடையை இதற்கும் விடையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

செய்து பாருங்கள்

பிறர் செய்த ஆய்வை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நீங்களே சோதிக்கலாம்.

1. உங்களுக்குத் தெரியாத 20 மரபுத்தொடர்களைத் தேர்ந்தெடுத்து, தனித்தனிச் சீட்டுகளில் எழுதுங்கள். சீட்டின் பின்புறம் பொருளை எழுதுங்கள்.

2. சீட்டுகளைக் குலுக்கி, பத்துப் பத்தாகப் பிரியுங்கள். நீங்களே பொறுக்கிப் பிரித்தால் எளியவை ஒரு பக்கம் சேர்ந்துவிடக்கூடும்.

3. இரண்டு தொகுதிகளையும் பொருளோடு இருமுறை வாசியுங்கள்.

4. பிறகு முதல் தொகுதியைப் பத்து நிமிடம் திரும்பத் திரும்ப வாசியுங்கள். இரண்டாம் தொகுதிக்கும் அதே பத்து நிமிடம்தான். ஆனால், பொருளைப் பார்க்காமல் சொல்லிப் பார்த்து, பிறகு சீட்டைத் திருப்பிச் சரிபாருங்கள்.

5. ஒரு வாரத்திற்குப் பின் ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை நினைவிருக்கும் என்று இப்போதே எழுதிவையுங்கள்.

6. ஒரு வாரம் சீட்டுகளைத் தொடாதீர்கள். அதன்பின் நண்பர் ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கணிப்பையும் முடிவையும் அருகருகே எழுதுங்கள்.

ஒருவருடைய முடிவு தற்செயலாகவும் அமையலாம். வகுப்பு நண்பர்கள் எல்லாரும் செய்து, முடிவுகளைச் சேர்த்துச் சராசரி பார்ப்பது நல்லது.

இப்போது ‘எனக்கு மொழிப்பாடம் வராது’ என்ற முடிவுக்குத் திரும்புவோம். அந்த முடிவை எடுத்த மாணவர் சோதித்தது தம் திறமையை அன்று. ஒரே ஒரு படிப்பு முறையை. அந்த முறை தோற்றது. மற்றொரு முறையை முயன்று பார்க்கும்வரை தம்மைப் பற்றி அப்படி ஒரு தீர்ப்பு எழுத அவரிடம் போதிய சான்று இல்லை.

சிந்திக்க

1. சுவாஹிலி ஆய்வில் இரண்டாம், மூன்றாம் குழுக்களை ஒப்பிட்டால் எந்த முடிவுக்கு வரலாம்?

2. ‘நுமிலம்’ போல ஒரு புதிய சொல்லை நீங்களே உருவாக்கி, வீட்டிலுள்ள தம்பி தங்கையிடம் கேளுங்கள். எந்த வயதில் சரியான விடை வருகிறது?

3. படிப்பது பற்றி உங்களுக்கு இருக்கும் ஒரு நம்பிக்கையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அது தவறாக இருந்தால், அதை எந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்?