பவளத் தொட்டியில் பச்சை முடி

கேள்வி: என் கடல்நீர்த் தொட்டியில் பாறை முழுக்கப் பச்சைப் பாசி முடிமுடியாக வளர்ந்து பவளங்களை மூடுகிறது. சோதித்தால் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே பூஜ்யம். பாசிக்கொல்லி மருந்து ஊற்றலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தாமிரம் கலந்த மருந்து என்றால் பாசிக்கு முன்பே இறாலும் நத்தையும் செத்துப்போகும். பூஜ்யத்தையும் நம்பாதீர்கள், கரைகிற பாஸ்பேட்டைப் பாசி உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்வதால் தண்ணீரில் மிஞ்சுவதில்லை, அவ்வளவுதான்.

தொட்டி நீரையே ஒரு வாளியில் எடுத்து, கழற்ற முடிந்த பாறைகளை அதில் வைத்துப் பல் பிரஷால் தேய்த்து எடுங்கள். தொட்டிக்குள்ளேயே பிய்த்தால் துணுக்குகள் மிதந்துபோய் வேறு இடத்தில் ஒட்டி வளரும். சுத்தமான பிறகு டர்போ நத்தைகளை விடுங்கள். நீண்ட பாசியை அவை பெரும்பாலும் சீண்டாது. புதுத் துளிரைத்தான் மேயும்.

அடுத்து, ஆவியான அளவுக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? சமையலறை ஆர்.ஓ. தண்ணீர் என்றால் அங்கேதான் சிக்கல். பல கருவிகள் ருசிக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கின்றன. அயனிகளை நீக்கும் டி.ஐ. ரெசின் வழியாக வந்து, கரைந்திருப்பவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டும் நீர்தான் வேண்டும். உறைந்த இறால் தீனியை உருகவைத்து, பாஸ்பேட் உள்ள அந்தச் சாற்றை வடித்துவிட்டுப் போடுங்கள். விளக்கு எட்டு மணி நேரம் போதும்.

அதற்காகப் பாஸ்பேட்டை ஒரேயடியாகத் துடைத்தெடுக்காதீர்கள். 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை இருக்கட்டும். அதுவும் இல்லாத தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி, குமிழ் குமிழாகப் படரக்கூடும். அதை ஒழிப்பது இதைவிடப் பெரும்பாடு.