சாய்வுக் கிணறுகளில் துளைத் தண்டின் எடை

மும்பைக்கு மேற்கே கடலடியில் 1974-ஆம் ஆண்டு எண்ணெய் கண்டறியப்பட்டது. ஆங்கே ஒரே மேடையிலிருந்து பல திசைகளில் கிணறுகள் சாய்வாகத் துளைக்கப்படுகின்றன. கிணற்றுக்கு ஒரு மேடை அமைப்பதினும் இது சிக்கனமானது. ஆயினும், சாய்வு கூடுந்தோறும் பிட்டின் மீது பளு ஏற்றுதல் கடினமாகின்றது.

அப்பளுவைத் தருவன தண்டின் அடிப்பகுதியிலுள்ள தடித்த சுவருடைய குழாய்களாகும். டிரில் காலர் என்பது களத்தில் வழங்கும் பெயர். காலர்களின் எடை போதாவிடில், மேலுள்ள மெல்லிய குழாய்கள் அமுக்கத்திற்கு உள்ளாகி வளையும். வளைந்தவாறே சுழலும் உருக்கு நாளடைவில் களைத்து முறியும். முறிந்த துண்டைக் கிணற்றின் அடியிலிருந்து மீட்பது எளிதன்று.

பிட்டுக்கு 10 டன் பளு வேண்டும் எனக் கொள்க. துளையை நிரப்பும் சேற்றின் ஒப்படர்த்தி 1.2, உருக்கினுடையது 7.85. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, சேற்றில் மூழ்கிய காலரின் எடை காற்றிலுள்ள எடையில் 0.847 பங்கே. முழு எடையையும் பிட்டின் மீது சுமத்தாமல் 85 விழுக்காட்டையே பயன்படுத்துவது வழக்கம். எனவே செங்குத்துக் கிணற்றுக்கு 10-ஐ 0.847-ஆலும் 0.85-ஆலும் வகுக்க, ஏறத்தாழ 13.9 டன் கிடைக்கும்.

கிணறு செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருப்பின், எடையின் ஒரு கூறே அச்சின் வழியே செயற்படும். ஆதலின் இவ்விடையைக் கோணத்தின் கொசைனாகிய 0.866-ஆல் மீண்டும் வகுத்தல் வேண்டும். 16 டன் ஆகும். மீட்டருக்கு 223 கிலோ எடையுள்ள 8 அங்குலக் காலர் எனின், நீளம் 72 மீட்டர். 60 பாகையிலோ தேவை 27.8 டன்னாக இரட்டிக்கின்றது.

இத்துடன் கணக்கு முடியவில்லை. சாய்ந்த தண்டு துளையின் கீழ்ச்சுவரில் படுத்து உராய்கின்றது. தண்டு சுழலும்போது உராய்வின் பெரும்பகுதி முறுக்கு விசையையே கூட்டும். அடிமோட்டாரால் துளைக்குங்கால் தண்டு சுழலாது சறுக்குகின்றது. அப்போது உராய்வு முழுவதும் பளுவிலிருந்து கழியும். உராய்வுக் கெழு 0.3 எனின், 60 பாகையில் எஞ்சுவது சேற்றிலுள்ள எடையில் கால் பங்கிற்கும் சற்றுக் குறைவே. 73 பாகையைத் தாண்டினாலோ தண்டு தன் எடையால் நகரவே நகராது! பள்ளிச் சாய்தளச் சோதனையில் மரக்கட்டை சறுக்காது நிற்பதும் இக்காரணத்தாலேயே.

அந்நிலையில் அடியில் காலர்களைச் சேர்ப்பது உராய்வைக் கூட்டுவதன்றிப் பயன் தராது. எடைமிகு குழாய்களைச் சாய்வு குறைந்த மேற்பகுதியில் அமைத்து, அங்கிருந்து தள்ளுதலே வழி. கீழ்ச்சுவர் தாங்கி நிற்பதால், சாய்ந்த பகுதியிலுள்ள மெல்லிய குழாயும் ஓரளவு அமுக்கத்தை வளையாமல் ஏற்கும்.