மாடிப்படி ஏறும் சக்கர நாற்காலி: கையால் இயக்குவதா, மின்விசையால் இயங்குவதா?

படுக்கையறையும் குளியலறையும் மேல்மாடியில் அமைந்த வீடுகள் ரோவில் பகுதியில் பல உண்டு. குடும்பத்தில் ஒருவர் பக்கவாதத்தாலோ மூட்டுநோயாலோ நடக்க இயலாதவராகும்போது, படிக்கட்டு அவ்வீட்டை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. மாடிப்படி ஏறும் சக்கர நாற்காலி இதற்கு ஒரு தீர்வாகலாம். எந்த வகை பொருந்தும் என்பதை முடிவு செய்யும்போது, நாற்காலியில் அமர்பவரைப் போலவே அதன் பின்னால் நிற்பவரையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

கையால் இயக்கும் வகை

இவ்வகையில் மின்விசைப்பொறி இல்லை. சில நாற்காலிகளைப் பின்புறமாகச் சாய்த்து, இருவர் சேர்ந்து ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். வேறு சிலவற்றில் உராய்வுப் பட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை படிகளின் விளிம்பில் மெல்ல வழுக்கி இறங்க உதவும். மேலே ஏற்ற உதவா. தீ விபத்தின்போது வெளியேறுவதற்கெனக் கட்டடங்களில் வைக்கப்படும் நாற்காலிகள் பெரும்பாலும் இவ்வகையினவே. விலை குறைவு, எடை குறைவு, மின்னேற்றம் வேண்டாமை ஆகியவை இவ்வகையின் நன்மைகள்.

ஆயினும் சுமை முழுவதும் மனிதரின் முதுகிலும் தோளிலும் விழுகிறது. எடுத்துக்காட்டாக, அமர்பவரின் எடை 75 கிலோ, நாற்காலியின் எடை 15 கிலோ என்போம். மொத்தம் 90 கிலோ. 15 படிகளில் நாளுக்கு ஒருமுறை இறங்கி ஏறினால், 30 நாளில் 900 படிகள் ஆகின்றன. எழுபது வயது மனைவி தம் கணவரை இவ்வாறு அன்றாடம் ஏற்றி இறக்க இயலாது. பிள்ளைகள் வேலைக்குச் சென்ற பகற்பொழுதில் வீட்டில் எத்தனை பேர் இருப்பர் என்பதையே கணக்கிட வேண்டும்.

மின்விசையால் இயங்கும் வகை

ஒரு பிரிவில், பின்னால் நிற்பவர் சமநிலையைப் பேண, மின்விசைப்பொறி எடையைப் படிப்படியாகத் தூக்குகிறது. இன்னொரு பிரிவில், சக்கர நாற்காலியைத் தொடர்பட்டை பூட்டிய வண்டியொன்று தாங்கிச் செல்கிறது. உடல்வலிமை குறைவாகத் தேவைப்படினும், இரண்டிற்கும் பயிற்சி பெற்ற துணையாளர் வேண்டும். தொடர்பட்டை வண்டி திரும்புவதற்குப் படிக்கட்டின் மேலும் கீழும் போதிய இடம் வேண்டும். வளைந்த படிக்கட்டுகளுக்கு அது பொதுவாகப் பொருந்துவதில்லை. மின்தடையின்போதும் இவை மின்கலத்தால் இயங்கும். ஆனால் மின்கலத்தை முன்னரே முழுமையாக மின்னேற்றி வைத்திருக்க வேண்டும்.

அமர்பவரே இயக்கும் நாற்காலிகளும் உருவாக்கப்பட்டுள்ளன. அமெரிக்கப் பொறியாளர் டீன் கேமன் உருவாக்கிய ‘ஐபாட்’ நாற்காலிக்கு 2003இல் அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. அதுவும் படியேறுகையில் கைப்பிடிக் கம்பியையோ துணையாளரையோ சார்ந்தே இயங்கியது. 2009இல் அதன் உற்பத்தி நின்றது. 2019இல்தான் புதிய வடிவில் அது மீண்டும் வந்தது. ஆகவே எந்தக் கருவியாயினும், உதிரிப்பாகங்களும் பழுதுபார்ப்பும் மெல்பேர்னில் கிடைக்குமா என முதலில் கேட்பது நன்று.

அளந்து பார்க்க வேண்டியவை

ஆஸ்திரேலியக் கட்டட விதித்தொகுப்பின்படி, வீட்டுப் படியொன்றின் உயரம் 190 மில்லிமீட்டரை மிஞ்சக்கூடாது. கால் வைக்கும் ஆழம் 240 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பழைய வீடுகளில் இவ்வளவுகள் வேறுபடலாம். படியின் உயரம், ஆழம், படிக்கட்டின் அகலம், திருப்பங்கள், மேலும் கீழும் உள்ள இடம் ஆகியவற்றை அளந்து, கருவியின் எல்லைகளோடு ஒப்பிட வேண்டும். அமர்பவரின் எடை, கருவி தாங்கக்கூடிய எடைக்குள் இருத்தல் வேண்டும்.

வாங்குவதற்கு முன்

ஒக்யூபேஷனல் தெரபிஸ்ட் எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையாளரின் மதிப்பீட்டைப் பெற்று, கருவியைச் சொந்த வீட்டுப் படிகளிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். கீழ்த்தளத்து அறையொன்றைப் படுக்கையறையாக்குவதே சிறந்த தீர்வு என அவர் கூறவும் கூடும்.

65 வயதை எட்டியவர்கள் ‘மை ஏஜ்ட் கேர்’ சேவையை 1800 200 422 என்ற எண்ணில் அழைக்கலாம். 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள ‘சப்போர்ட் அட் ஹோம்’ திட்டத்தில், உதவிக் கருவிகளுக்கும் வீட்டு மாற்றங்களுக்கும் தனி நிதிப்பிரிவு உண்டு. அவ்வயதுக்குக் குறைந்தவர்கள் என்.டி.ஐ.எஸ். திட்டம் பற்றி 1800 800 110 என்ற எண்ணில் விசாரிக்கலாம். ஒப்புதலுக்கு முன்னரே வாங்கிவிட்டு, பணம் திரும்பக் கிடைக்கும் என நம்பியிருத்தல் கூடாது.

வணிகரிடம் வாங்கும் கருவி தரமானதாகவும், கூறப்பட்ட பயனுக்கு ஏற்றதாகவும் இருக்கவேண்டும் என்பது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் தரும் உத்தரவாதம். தனிநபரிடம் பழைய கருவியை வாங்குபவருக்கு இவ்வுத்தரவாதம் பொதுவாகக் கிட்டாது. வாடகை வீட்டில் வசிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம்: சுவரிலோ படியிலோ தண்டவாளம் பொருத்தும் படித்தூக்கிக்கு வீட்டுரிமையாளரின் இசைவு வேண்டும்; படியேறும் நாற்காலிக்கு எதையும் பொருத்த வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அவர் வழியாக மேற்கண்ட சேவைகளையும், 9298 8000 என்ற எண்ணில் நொக்ஸ் நகர சபையையும் தொடர்புகொள்ளலாம். மதிப்பீட்டு நாளன்று, துணையாக நிற்பவர் தம் முதுகுவலியையும் மூட்டுவலியையும் மறைக்காமல் கூறவேண்டும். அவருடைய உடல்நலம் கெட்டால், இருவருக்குமே படிக்கட்டு அடைபட்டுவிடும்.