17க்குக் கீழே 17

பதுளை

அன்புள்ள மருமகளுக்கு,

பசறைப் பக்கத்துத் தோட்ட ஆபீசில் உன்னைச் செக்ரோல் வேலைக்கு, அதாவது ஆட்களின் நாள் வேலையும் சம்பளமும் பதிகிற வேலைக்கு, போட்டிருப்பதாக அக்கா சொன்னாள். பேர் ஷீட்டையும் கொழுந்து நிறை ஷீட்டையும் மாறி மாறித் தட்டிப் பார்க்கிறாயாமே! அங்கே பார்த்த இலக்கம் இங்கே வருவதற்குள் மறந்துபோகும். புத்தகக் காலத்தில் இரண்டையும் விரித்துவைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் சரி போடுவார். திரையிலும் அப்படி விரிக்கலாம்.

எக்செலில் 'வியூ' போய் 'நியூ விண்டோ'வை அமுக்கு. அது பிரதி அல்ல. ஒரே கோப்புக்கு இரண்டு ஜன்னல். ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் உடனே மாறும். ஒன்றில் பேர் ஷீட், மற்றதில் நிறை ஷீட்டை வைத்து 'அரேஞ்ச் ஆல்' கொடு. பலரும் 'வெர்டிகல்' எடுப்பார்கள். செக்ரோலுக்கு அது ஆகாது. 31 நாளும் குறுக்கே ஓடுகிற தாள், பாதியில் வெட்டுப்படும். நாள் கட்டங்கள் இரண்டு ஷீட்டிலும் ஒரே இடத்தில், ஒரே அகலத்தில் இருந்தால், 'ஹொரிசொன்டல்' போட்டதும் 17ஆம் திகதிக்கு நேர் கீழே 17 வந்து நிற்கும். பிறகு 'வியூ சைட் பை சைட்', 'சின்க்ரனஸ் ஸ்க்ரோலிங்' இரண்டையும் போடு. ஒன்றை உருட்டினால் மற்றதும் உருளும். ஆட்களின் வரிசை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தியின் கிலோ இன்னொருத்திக்குக் கீழே நிற்கும்.

இப்போது பார். மேலே 17ஆம் திகதிக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். கீழே அதே பெண்ணின் ஒரே கட்டத்தில் காலை 6, மத்தியானம் 8, பின்னேரம் 5. மொத்தம் 19 கிலோ. நாளுக்குப் பறிக்க வேண்டிய நோர்ம் 18 கிலோ என்றால் முழுப்பேர் விழுந்திருக்க வேண்டும். 2024இல் வந்த 1350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தாலும் 675 ரூபா போச்சு. அவளுடைய 8 வீதம், தோட்டத்தின் 12 வீதம் என்று ஈ.பி.எஃப். கணக்கிலும் 135 ரூபா குறையும். ஆனால் அவசரப்பட்டுத் திருத்தாதே. நிறை பக்கத்து வரியிலிருந்து தவறி ஏறியிருக்கவும் கூடும். கணக்கப்பிள்ளையின் கைச் செக்ரோலைக் கேட்டு வாங்கிப் பார்.

ஃபெக்டரி நிறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் மூன்றாவது ஜன்னல் வேண்டும். 'சைட் பை சைட்' இரண்டைத்தான் தாங்கும். மூன்றுக்கு மறுபடி 'அரேஞ்ச் ஆல்'தான்.

ஊவா சீசன் வந்ததும் மாத ஷீட்டுகளையும் இப்படி வை. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வறண்ட காற்று; தேயிலைக்கு மணம் ஏறும், கொழுந்து குறையும், அரைப்பேரும் கூடும். ஜூன் மேலே, ஓகஸ்ட் கீழே. எல்லா டிவிசனிலும் கிலோ இறங்கியிருந்தால் காற்றின் வேலை. ஒரே டிவிசனில் மட்டும் என்றால், அங்கே கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசைப் பார்க்கச் சொல்லிப் பெரிய கிளாக்கரிடம் சொல்.

அன்புடன்,
மாமா