நச்சு வார்டில் பணிக்குச் சேர்ந்திருக்கும் ஜூனியர் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எம்.டி. பொது மருத்துவத்தில் சேர்ந்ததும் முதல் போஸ்டிங்கே நச்சு சிகிச்சைப் பிரிவில் என்று எழுதியிருந்தாய். நஞ்சியலையே ஆய்வுத் துறையாக எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாக எடு. ஆனால் ஆய்வு என்றதும் நீ பரிசோதனைக் கூடத்தையும் விலை உயர்ந்த கருவிகளையும் நினைக்கிறாய் என்று தோன்றுகிறது. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கேஸ் ஷீட்தான். உள்ளே போனது என்ன, எந்த வடிவத்தில், எத்தனை மணிக்கு என்று அதில் நீ எழுதும் மூன்று வரிகளை நம்பித்தான் இந்தத் துறை முழுவதும் நிற்கிறது.

உன் முகவரியிலிருந்தே தொடங்குகிறேன். உன் தாத்தா விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்று சொல்லியிருந்தாய். சுவீடன் தீப்பெட்டிக்காரர்கள் 1923-இல் இந்தியாவில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி அது. இன்று உங்கள் மெட்ரோ ஸ்டேஷன் பலகையிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் தீக்குச்சி முனையில் வெள்ளை பாஸ்பரஸ் வைத்தார்கள். அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகிப்போனது. லண்டனில் 1888-இல் வேலைநிறுத்தம் செய்த தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வாழ்ந்தது இந்த நோயின் நிழலில்தான். 1906-இல் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடை செய்தது. இந்தியாவில் 1913-இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஆகவே விம்கோ இங்கே வந்தபோது பெட்டியின் பக்கவாட்டில் பூசியது சிவப்பு பாஸ்பரஸ் மட்டுமே. உன் தாத்தாவின் தாடையை அந்தச் சட்டம் காப்பாற்றியது.

இரண்டும் ஒரே தனிமம்தான். சிவப்பில் அணுக்கள் நீளமாகப் பின்னிக் கிடப்பதால் குடல் அதை ஏற்பதில்லை. வெள்ளையில் அவை நான்கு நான்காகத் தனித்திருக்கும். கொழுப்பில் கரைந்து நேரே கல்லீரலுக்குப் போய்விடும். அது ஒளிபட்டு நிறம் மாறினால் மஞ்சள் பாஸ்பரஸ். எலி பேஸ்டில் இருந்தது அதுதான். தீப்பெட்டியிலிருந்து 1913-இல் வெளியேற்றிய ஒரு பொருளை நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் மளிகைக் கடைகளில் டியூபில் அடைத்து யார் கேட்டாலும் கொடுத்தோம். எத்தனையோ இளம் உயிர்கள் அதனால் போயின. இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.

அதனால் ஆய்வில் ஒரு தனிமத்தின் பெயரைப் பார்த்ததும் எந்த வடிவம் என்று கேள். ராணிப்பேட்டையில் கைவிடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையின் கழிவில் அஞ்சவேண்டியது ஆறிணைதிறக் குரோமியம். மூவிணைதிறக் குரோமியம் அந்த அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. வெப்பமானியிலிருந்து சிதறிய பாதரசமும் மீனின் தசையில் சேரும் மெத்தில் பாதரசமும் உடலில் வெவ்வேறு வழியில் போகின்றன. பூச்சிமருந்திலும் இதே கதைதான். டைமெத்தோயேட்டைப் பற்றி எடின்பரோ ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தோடு கலந்திருந்த கரைப்பானும் நச்சுத்தன்மையில் பெரும்பங்கு வகித்தது தெரியவந்தது. லேபிளில் முதல் வரியோடு நிறுத்திவிடாதே.

இனி நேரம். எலி பேஸ்ட் நோயாளி முதல் நாள் வாந்தியோடு வருவார். இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்பார். வீட்டாரும் கையெழுத்துப் போட்டு அழைத்துப்போகத் தயாராக நிற்பார்கள். மூன்றாம் நான்காம் நாளில்தான் கண் மஞ்சளாகி, ரத்தம் உறையும் திறன் குலையும். அந்த அமைதியான நாளில் அவரை நீ போகவிடக் கூடாது. நேரடி மாற்று மருந்து கிடையாது. வேலூர் சி.எம்.சி.யில் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையால் சிலரை மீட்டிருக்கிறார்கள், ஆனால் அதற்கு நோயாளி உரிய நேரத்தில் வார்டில் இருந்தாக வேண்டும்.

பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சிமருந்துகளிலும் இப்படி ஒரு காத்திருப்பு உண்டு. அட்ரோபின் கொடுத்து, வியர்வையும் எச்சிலும் அடங்கி, நுரையீரல் தெளிந்துவிட்டது என்று நாம் மூச்சுவிடும் வேளையில், ஒரு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்கு மூச்சுத் தசைகள் தளர்ந்துவிடும். இதைத் தனி நிலையாக அடையாளம் கண்டு 1987-இல் எழுதியவர்கள் இலங்கையைச் சேர்ந்த சேனநாயக்க, கரல்லியத்த என்ற இரு மருத்துவர்கள். அவர்கள் விவரித்தது பத்து நோயாளிகளை மட்டுமே. முதலில் தளர்வது கழுத்து. ஆகவே ரவுண்ட்ஸ் போகும்போதெல்லாம், தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல். தூக்க முடியாதவருக்கு வென்டிலேட்டரைத் தயாராக வை. பத்துப் படுக்கைகளின் அருகே பொறுமையாக நின்றதில் பிறந்த அறிவு இது. உன் வார்டிலும் பத்துப் படுக்கை இருக்கிறது.

மூன்றாவதாக, நஞ்சின் பெயர். இதில்தான் நம் மருத்துவமனைகள் மிகவும் சறுக்குகின்றன. “மருந்து குடிச்சிட்டா டாக்டர்” என்று வீட்டார் ஓடி வருகிறார்கள். எந்த மருந்து என்றால் தெரியாது. ‘அன்நோன் காம்பவுண்ட்’ என்று எழுதி அட்மிஷன் போட்டுவிடுகிறோம். அந்த ராத்திரிக்கு அது போதும், நோயாளியின் நிலையைப் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். ஆனால் மறுநாளும் அதே வார்த்தை அந்தத் தாளில் இருந்தால் அதை ஒரு தோல்வியாக எடுத்துக்கொள். வீட்டிலிருந்து பாட்டிலையோ டியூபையோ கொண்டுவரச் சொல், இல்லாவிட்டால் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல். லேபிளில் முக்கோணம் சிவப்பா மஞ்சளா நீலமா பச்சையா, உள்ளே இருப்பது எது, எத்தனை சதவீதம், எந்தக் கடையில் வாங்கியது என்று எழுது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் சிலர் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பேசு. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 115-ஆம் பிரிவு. இதைச் சொன்னதும் பல அம்மாக்களின் முந்தானையிலிருந்து அந்த டியூப் வெளியே வரும்.

இந்தப் பெயர்களை எண்ணிப் பார்ப்பதால் என்ன ஆகும் என்று கேட்டால், இலங்கையைப் பார். 1990-களின் நடுவில் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. எந்தப் பூச்சிமருந்தால் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற விவரம் கையில் இருந்தது. 1984-இல் பாரத்தியான், 1995-இல் மோனோகுரோட்டோபாஸும் மெத்தமிடோபாஸும், 1998-இல் எண்டோசல்ஃபான் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். 2005-இல் விகிதம் 24-க்கு இறங்கியது. நெல் விளைச்சல் குறையவில்லை. விரக்தியில் நஞ்சுக்குக் கைநீட்டுவோரின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை என்பதைக் கவனி. கைக்கு எட்டியது மாறியது, அதனால் அவர்கள் பிழைத்தார்கள். சில நிமிட விரக்தியைத் தாண்டி வந்த பெரும்பாலோர் பிறகு வாழ்ந்துவிடுகிறார்கள். அதே நாட்டில், நஞ்சு உட்கொண்ட நோயாளிகளிடம் கரித்தூள் சிகிச்சையைச் சோதித்தார்கள். 4,632 பேரை வைத்து நடந்து, 2008-இல் வெளியான அந்தப் பெரிய ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. பலன் இல்லை என்று கண்டுபிடித்ததும் பெரிய வேலைதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சாவைக் குறைத்தது பூச்சிமருந்துப் பதிவாளரின் மேசையில் போடப்பட்ட கையெழுத்து.

நாம் தாமதமாகத்தான் விழித்தோம். இலங்கை 1995-இல் நிறுத்திய மோனோகுரோட்டோபாஸ் 2013-இல் பீகார் பள்ளி ஒன்றின் மதிய உணவில் கலந்து 23 குழந்தைகளைக் கொன்றது. மத்திய அரசின் தடை ஆணை 2023-இல் வந்தது. எலி பேஸ்ட் விஷயத்தில் வேலூரிலும் பிற ஊர்களிலும் இருந்த கல்லீரல் மருத்துவர்கள் பல மருத்துவமனைகளின் கணக்கை ஒன்றுசேர்த்துக் காட்டினார்கள். மூன்று சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் கொண்ட பேஸ்டுக்கு 2023-இல் தமிழக அரசு நிரந்தரத் தடை அறிவித்தது. கூடவே ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை. ஏன் 60 நாள் மட்டும் என்று உனக்குக் கேள்வி வரும். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் அவசரத் தடைக்கு முதலில் அவ்வளவுதான் இடம் கொடுக்கிறது. அந்தச் சட்டத்தை ஒருமுறை முழுதாகப் படி. மருந்தியல் பாடநூலோடு அதுவும் உன் மேசையில் இருக்கட்டும். தடைக்குப் பிறகும் எலி பேஸ்ட் நோயாளி உன் வார்டுக்கு வந்தால், எந்தக் கடை என்ற தகவல் சிகிச்சையைப் போலவே அவசரமானது.

குணப்படுத்தவென்று கொடுத்த மருந்தே நஞ்சாகும் கேஸ்களும் உன்னிடம் வரும். 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான இருமல் சிரப் ஒன்றைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் சுற்றிலும் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்திருந்தார்கள். 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது இதே திரவம். 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேரைக் கொன்றதும் இதுவே. சாதாரணக் காய்ச்சலுக்கு வந்த குழந்தைக்குச் சிறுநீர் நின்றுபோனால், முந்தைய பத்து நாளில் என்னென்ன மருந்து கொடுத்தார்கள், எந்த பேட்ச் என்று கேள். அதே வாரம் அப்படி இன்னொரு குழந்தை வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மேலே சொல்.

கடைசியாக உன் ஊர்க் கேள்வி. எண்ணூர், திருவொற்றியூர், மணலி மக்களின் உடலில் என்ன சேர்ந்திருக்கிறது என்று ஆராய ஆசைப்படுகிறாய். வார்டைவிட இது கடினம். பாட்டில் இல்லை, லேபிள் இல்லை, மணி நேரம் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல், சுத்திகரிப்பு ஆலைப் புகை, லாரி டீசல், உப்பங்கழியில் கலக்கும் கழிவு என்று எல்லாம் ஒரே மூச்சில் போகின்றன. உடலும் சாட்சியத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்வதில்லை. ஈயம் ரத்தத்தில் பல வாரங்கள் நிற்கும். பாஸ்பரஸ் பூச்சிமருந்தின் எச்சம் சிறுநீரில் ஓரிரு நாளில் போய்விடும். அம்மோனியா ரத்தத்தில் எந்தத் தடயமும் விடாது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நினைத்துப் பார். கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், வரம்பு 400 என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. அந்த 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. மக்கள் அந்த வாயுவைச் சுவாசித்ததோ சில நிமிடங்களில், கசிவின் அருகிலேயே. யார் எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் அடித்தபோது நின்றார்கள் என்ற குறிப்பு இல்லாமல் அந்த எண்ணிலிருந்து ஒரு மனிதரின் நுரையீரலுக்குப் போகமுடியாது. அடுத்த கசிவு வரக்கூடாது. வந்தால் அன்றிரவே எழுதத் தொடங்கும்படி குப்பத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேருக்கு இப்போதே கற்றுக்கொடு. நேரம், தெரு, வாசனை, யாருக்கு என்ன செய்தது, அவ்வளவு போதும். அவர்களுக்குக் காற்றின் திசை உன்னைவிட நன்றாகத் தெரியும்.

மடவையையும் இறாலையும் சோதித்து ஒரு உலோகம் இருப்பதைக் கண்டால், இருக்கிறது என்பதோடு எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல். அரைகுறையாகச் சொன்ன ஒரு வாக்கியம் மறுநாள் காலை சந்தையில் அந்தப் பெண்களின் கூடையை விலைபோகாமல் ஆக்கிவிடும். அதே காரணத்துக்காக உண்மையை மறைக்கவும் உனக்கு உரிமை இல்லை. ரத்தமும் சிறுநீரும் கொடுத்தவர்களுக்கு அவரவர் முடிவைத் தமிழில், ஒரே பக்கத்தில், கையில் கொடு. ஆய்விதழுக்கு அனுப்புவதற்கு முன்பே கொடு. முன்பு வந்து மாதிரி எடுத்துப்போனவர்கள் திரும்பி வரவில்லை என்று அவர்கள் உன்னிடம் கோபப்படலாம். அதைக் கேட்டுக்கொள், பதில் பேசாதே. பிறகு எந்த மாதத்தில் திரும்பி வருவாய் என்று சொல், அந்த மாதத்தில் போ.

அன்புடன்,
உன் சீனியர் அண்ணன்